அத்தை மகனுக்குச் சிறை, எனக்குக் குற்றவியல் படிப்பா?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து 24 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் வணிகம் படித்தவர். தேசிய சேவையைக் காவல்துறையில் முடித்தார். இப்போது ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை. கூடவே வளர்ந்த அத்தை மகன், டெலிகிராமில் வந்த 'பகுதிநேர வேலை' விளம்பரத்தை நம்பி, 600 வெள்ளிக்குத் தன் வங்கிக் கணக்கையும் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாள) விவரத்தையும் யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அந்தக் கணக்கு வழியாக மோசடிப் பணம் போனது. ஒன்பது மாதச் சிறை. தீர்ப்பு நாளில் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் 'உலக அளவில் குற்றமும் நீதியும்' படிக்க வேண்டும் என்று வாசகருக்குத் தோன்றியிருக்கிறது. பிரிட்டனில் மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைக்கும் போலிருக்கிறது. எல்லாம் சேர்த்து 180,000 வெள்ளி ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். டாக்சி ஓட்டும் அப்பாவுக்கு 58 வயது. மசேநியிலிருந்து (மத்திய சேம நிதி) எடுத்துத் தருகிறேன் என்கிறார். அம்மாவோ, "குற்றவாளிகளோடு பழகுவதற்கு ஒரு படிப்பா?" என்கிறார்.

அவருடைய கேள்விகள்: இதைப் படித்தால் வழக்கறிஞராகலாமா, அல்லது ஹேக் நகரத்து அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தில் சேரலாமா? 17 வயதில் நண்பர்களோடு சேர்ந்து கடையில் திருடியதற்காக, வழக்குப் போடாமல் காவல்துறை கொடுத்த கடுமையான எச்சரிக்கையும் அத்தை மகனின் தண்டனையும் குறுக்கே நிற்குமா? மசேநிப் பணத்தில் படிக்கலாமா? கடைசியில் ஒரு குமுறல்: "ஐரோப்பாவில் என்றால் அவனுக்குக் கவுன்சலிங் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். இங்கே 3 பில்லியன் வெள்ளிக் கள்ளப்பண வழக்கில் சிக்கிய கோடீஸ்வரர்களுக்கே பதினைந்து மாதம்தான். இவனுக்கு ஒன்பது மாதமா?"

தம்பி, உங்கள் கேள்விகளுக்கு முன்னால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று அத்தை ஒரு டப்பாவில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்தார், மகனிடம் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள், இரவு வரை அது பையிலேயே இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஹேவ்லாக் சதுக்கத்து நீதிமன்ற நடைகூடத்தில் அந்த டப்பாவை நான் எத்தனையோ கைகளில் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் நாசி லெமாக், ஒரு நாள் இட்லி. அதைக் கவனித்து எழுதத் தெரிந்தவருக்கு இந்தப் படிப்பு பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். எந்த நாட்டில், எந்த வடிவத்தில், யார் பணத்தில் என்பதில்தான் எனக்கு உங்களோடு கருத்து வேறுபாடு.

பட்டம் வேறு, உரிமம் வேறு

குற்றவியல் பட்டம் உங்களை வழக்கறிஞராக்காது. இங்கே வழக்காட அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டம் வேண்டும். பிரிட்டனைப் பொறுத்தவரை அந்தப் பட்டியலில் 19 பல்கலைக்கழகங்கள் இருந்தன. 2016-இல் அது 11 ஆகச் சுருங்கியது. அங்கே சட்டமே படித்தாலும் நல்ல வகுப்பில் தேற வேண்டும், பிறகு இங்கே தகுதித் தேர்வுகள் எழுத வேண்டும். பயிற்சிக் காலமும் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாகிவிட்டது. 'குற்றமும் நீதியும்' என்று பெயரில் நீதி இருக்கிறதே என்று நினைத்துப் போய், திரும்பி வந்து கையைப் பிசைந்தவர்களை எனக்குத் தெரியும்.

உண்மையிலேயே குற்ற வழக்குகளில் வாதாடத்தான் ஆசை என்றால், கிளமெண்டி ரோட்டில் இருக்கும் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியைப் பாருங்கள். 2017-இல் தொடங்கியது. குற்றவியல், குடும்பச் சட்டம் என்ற இரண்டுக்கும் முதன்மை தருகிறது. வேலை பார்த்து வாழ்க்கையைக் கொஞ்சம் கண்டவர்களை வரவேற்கும் இடம் அது. குற்றஞ்சாட்டப்பட்ட, வசதியில்லாதவர்களுக்காக வாதாடவென்று அரசாங்கமே 2022 இறுதியில் ஓர் அலுவலகம் திறந்தது. வழக்கறிஞர் சங்கம் தொடங்கிய குற்றவியல் சட்ட உதவித் திட்டம் 1985-இலிருந்து இருக்கிறது. அத்தை மகனைப் போன்றவர்களுக்குத் துணை நிற்க ஹேக் போக வேண்டியதில்லை.

ஹேக் பற்றி. நானும் உங்கள் வயதில் அந்த நகரத்தின் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தவள்தான். ஹேவ்லாக்கில் வந்து நின்றுவிட்டேன். உங்கள் அம்மாவழிப் பாட்டி யாழ்ப்பாணம், 2009-க்கு நீதி கேட்கும் இடம் அதுதானே என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நீதிமன்றம் 1998-இல் கையெழுத்தான ரோம் சாசனத்தின்படி 2002 ஜூலை 1 முதல் இயங்குகிறது. இலங்கை அதில் உறுப்பினர் இல்லை. இந்தியாவும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை. மலேசியா 2019-இல் சேருவதாகச் சொல்லிச் சில வாரங்களிலேயே பின்வாங்கியது. உறுப்பினர் அல்லாத நாட்டின் மண்ணில், அந்த நாட்டவரே செய்த குற்றங்களை அது விசாரிக்க வேண்டுமானால், ஐநா பாதுகாப்பு மன்றம் அனுப்பிவைக்க வேண்டும், அல்லது அந்த நாடே அதிகாரத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். முன்னதற்கு வீட்டோ குறுக்கே நிற்கும், பின்னதற்கு மனம் வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் உறுப்பு நாட்டவருக்கே முன்னுரிமை. கதவு மூடியிருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு கதவை நம்பி 180,000 வெள்ளி கடன்படாதீர்கள் என்கிறேன்.

'ஐரோப்பாவில் என்றால்...'

இந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் போக நினைக்கும் பிரிட்டனிலேயே 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி கள்ளப்பணத்தை நல்ல பணமாக்க உதவுபவருக்கு 14 ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். கணக்கை வாடகைக்கு விடும் மாணவர்களை அங்கும் பிடிக்கிறார்கள். அத்தை மகனுக்கு அங்கே என்ன கிடைத்திருக்கும் என்று எனக்கோ உங்களுக்கோ சொல்ல முடியாது. கவுன்சலிங்கோடு போயிருக்கும் என்று சொல்வது வெறும் ஆறுதல். இங்கே சிங்பாஸ் விவரத்தைக் கொடுப்பதற்கென்றே 2024 பிப்ரவரியிலிருந்து தனிக் குற்றம் இருக்கிறது. அது வந்தபோது வைத்த தண்டனை: 10,000 வெள்ளிவரை அபராதம், மூன்றாண்டுவரை சிறை, அல்லது இரண்டும்.

நீங்கள் இணைத்திருந்த பல்கலைக்கழகக் கையேட்டில் நார்வே பற்றிய பக்கத்தையும் படித்தேன். அங்கே விடுதலையானவர்களில் 20 விழுக்காட்டினர்தான் திரும்பவும் குற்றம் செய்கிறார்கள், அமெரிக்காவில் 68 விழுக்காடு, ஆகவே மென்மையான சிறையே வெல்லும் என்கிறது. சிறையின் மென்மையைப் பற்றி எனக்கு வாதம் இல்லை. ஆனால் அந்த இரண்டு எண்களும் ஒரே பொருளை அளக்கவில்லை. நார்வேயின் எண், இரண்டு ஆண்டுக்குள் மீண்டும் தண்டனை பெற்றவர்கள். அமெரிக்காவின் எண், 2005-இல் விடுதலையாகி மூன்று ஆண்டுக்குள் மீண்டும் கைதானவர்கள். கைதானவர் எல்லாருமா தண்டனை பெறுகிறார்கள்? சிங்கப்பூரோ இரண்டு ஆண்டுக்குள் மீண்டும் சிறைக்கு வந்தவர்களை எண்ணுகிறது. அது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அதாவது, பிரம்படியும் தூக்கும் உள்ள சிங்கப்பூரும், 21 ஆண்டுதான் உச்சத் தண்டனை என்று பொதுவாக அறியப்பட்ட நார்வேயும் காகிதத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம்? இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, எதற்கும் வர முடியாது. சுவீடனில் பாலியல் வன்முறைப் புகார்கள் அதிகம் என்று சமூக ஊடகத்தில் சுற்றும் பட்டியலும் இதே ரகம்: ஒரே ஆள் ஒருவரைப் பத்து முறை தாக்கியதாகப் புகார் வந்தால் அங்கே பத்துக் குற்றமாகப் பதிவார்கள், வேறு நாட்டில் ஒன்றாகப் பதியலாம். நாடுகளை ஒப்பிடக் கொஞ்சமாவது நம்பத்தக்கது கொலை விகிதம்தான். பிணத்தை மறைப்பது கடினம், எண்ணுவது எளிது.

இப்படிச் சந்தேகப்படக் கற்றுக்கொடுக்கும் இடமாக இருந்தால் அந்தப் படிப்பு நல்ல படிப்பு. கையேட்டில் நார்வேப் பக்கத்தை அப்படியே அச்சடித்தவர்கள் அதைக் கற்றுக்கொடுப்பார்களா என்று நேரில் கேளுங்கள்.

இனி உங்கள் குமுறல். அது நியாயமான கேள்வி. எனக்கும் அந்த ஒப்பீடு உறுத்தியது. 2023 ஆகஸ்டில் பத்து வெளிநாட்டவர் கைதானார்கள். பங்களாக்கள், கார்கள், ரொக்கம் என்று சுமார் 3 பில்லியன் வெள்ளிச் சொத்து கைப்பற்றப்பட்டது அல்லது முடக்கப்பட்டது. பத்துப் பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், 13 முதல் 17 மாதம்வரை சிறை கிடைத்தது. நீங்கள் விட்டுவிட்டது: அவர்களுடைய சொத்தில் 900 மில்லியன் வெள்ளிக்கு மேல் அரசுக்குப் போனது, தண்டனை முடிந்ததும் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள். இன்னொன்று, பணம் பிறந்த குற்றம் வேறு நாட்டில் நடந்தது. சாட்சியும் பாதிக்கப்பட்டவரும் வெளிநாட்டில் இருக்கும்போது வழக்கைக் கட்டுவது பெரும்பாடு. உங்கள் அத்தை மகன் வழக்கிலோ பணத்தை இழந்தவர் ஐந்தாறு எம்ஆர்டி நிலையம் தள்ளி வசிப்பவர். இது நியாயமா என்று கேட்டால், விளக்கம் இருப்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது என்பேன். அதற்கு மேல் நீங்கள்தான் ஆராய்ந்து சொல்ல வேண்டும். ஒரு முதுகலை ஆய்வுக்கு இதைவிட நல்ல கேள்வியை நான் தர முடியாது.

உலகம் ஈசூனுக்கே வந்துவிட்டது

'உலக அளவில் படிக்க' வெளியே போகவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தை மகனின் வழக்கையே விரித்துப் பாருங்கள். பணத்தை இழந்தவர் இங்கே. கணக்கும் இங்கே. பணம் சில நிமிடங்களில் மின்னிலக்க நாணயமாகி எல்லை தாண்டிவிடுகிறது. டெலிகிராமில் செய்தி அனுப்பியவர் எங்கே? மியன்மாரில் மியாவடி பக்கம் வேலியிட்ட வளாகத்தில் இருந்திருக்கலாம். இத்தகைய மோசடி வளாகங்களில் மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் சுமார் 100,000 பேரும் கட்டாயத்தில் வேலை செய்திருக்கலாம் என்று ஐநா மனித உரிமை அலுவலகம் 2023-இல் மதிப்பிட்டது. 2022-இல் மியாவடியிலிருந்து மீட்கப்பட்ட இந்தியர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போனவர்கள். 'ஹாய் ப்ரோ, வேலை வேணுமா' என்று தட்டிய விரல் அப்படி ஒருவருடையதாகவும் இருக்கலாம் அல்லவா? அவர் குற்றவாளியா, கடத்தப்பட்டவரா? ஆள்கடத்தலுக்கு எதிரான ஐநா நெறிமுறை 2000-இலும், சிங்கப்பூரின் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் 2014-இலும் வந்தன. எழுத்தில் பதில் இருக்கிறது. எல்லையில் பிடிபட்டவனை விசாரிக்கும் அதிகாரியின் மேசையில் அது அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

2024-இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளில் பறிபோனது குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. இன்டர்போலின் தலைமையகம் லியோன் நகரில் இருந்தாலும், இணையக் குற்றத்துக்கான அதன் பெரிய வளாகம் 2015-இலிருந்து நம் நேப்பியர் ரோட்டில் இருக்கிறது. (சினிமாவில் வருவதுபோல் இன்டர்போல் ஆள் யாரையும் கைது செய்வதில்லை. தகவல் பரிமாறும், அறிவிக்கை விடும், கைவிலங்கு மாட்டுவது உள்ளூர்ப் போலீஸ்தான்.) ஐநா போதைப்பொருள், குற்ற அலுவலகத்தின் வட்டார அலுவலகம் பேங்காக்கில். இந்தத் துறையின் பரபரப்பான மூலை இன்று நம் வட்டாரம். அதைப் பற்றிப் பிரிட்டனில் போய்ப் படிப்பதில் தப்பில்லை. ஆனால் இங்கே வங்கிகளின் கள்ளப்பணத் தடுப்புப் பிரிவிலோ, சிறைத்துறையின் மறுவாழ்வுப் பணியிலோ இரண்டு ஆண்டு இருந்துவிட்டுப் போகிறவர் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்.

எச்சரிக்கை, உறவு, படிவம்

கடுமையான எச்சரிக்கை என்பது தண்டனை அல்ல. நீங்கள் குற்றம் செய்ததாக அதிகாரிகள் கருதுகிறார்கள் என்பதற்கு மேல் அதற்குச் சட்டப் பொருள் இல்லை என்று 2015-இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'நான் குற்றப் பதிவு உள்ளவன்' என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். அத்தை மகனின் தண்டனையும் உங்கள் கணக்கில் ஏறாது.

ஆனால் படிவங்கள் வேறு மொழி பேசும். 'தண்டனை உண்டா' என்று கேட்டால் இல்லை என்பதே உண்மை. 'தண்டனை அல்லது எச்சரிக்கை உண்டா' என்று கேட்டால், உண்டு. விசா விண்ணப்பங்களில் இரண்டாவது வகைக் கேள்வி வரக்கூடும். உள்துறைக் குழு (காவல்துறை, சிறைத்துறை போன்றவை) வேலைகளுக்கான பின்னணிச் சோதனையில் உறவினர்களைப் பற்றியும் கேட்கலாம். கேட்டதைக் கேட்டபடி படித்து உள்ளதை எழுதுங்கள். 17 வயதில் திருடிய பொருளால் வேலை போனவர்களைவிட, 25 வயதில் படிவத்தில் மறைத்ததால் போனவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போதைப்பொருள் சட்டத்தை ஒப்பிட மாணவர்களை ஆம்ஸ்டர்டாம் அழைத்துப்போவோம் என்று கையேட்டில் படம் போட்டிருக்கிறார்கள். போங்கள், பாருங்கள், குறிப்பெடுங்கள். கஞ்சாவைத் தொடாதீர்கள். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும், இங்கேயே உட்கொண்டதாகக் கருதி நடவடிக்கை எடுக்கலாம். அந்த நாட்டில் அனுமதி உண்டு என்பது இங்கே பதிலாகாது. லஞ்ச ஒழிப்புச் சட்டமும் இப்படித்தான் குடிமக்களைப் பின்தொடரும்.

அப்பாவின் மசேநி

மசேநி கல்வித் திட்டம் உள்ளூரில் அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிலையங்களின் முழுநேரப் படிப்புகளுக்குத்தான். பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்துக்கு அதில் ஒரு காசு எடுக்க முடியாது. அப்பா தருகிறேன் என்பது 55 வயதுக்குப் பிறகு அவர் எடுத்துக்கொள்ளக்கூடிய ஓய்வுக்காலப் பணமாக இருக்க வேண்டும். அது அவருடைய முதுமை. இன்னும் எத்தனை வருடம் டாக்சி ஓட்ட அவர் முதுகு விடும் என்று கேட்டீர்களா? என் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன்.

வேறு வழி: இங்கே உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலோ உளவியலோ படியுங்கள், வேலையோடு பகுதிநேரமாகவும் முடியும். அரசாங்க மானியம் உண்டு, மசேநித் திட்டம் பொருந்துமா என்று அந்தந்தப் படிப்புக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு முதுகலைக்கு வெளியே போகலாம். பிரிட்டனில் அது பெரும்பாலும் ஓராண்டு, செலவு மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதற்குள் சிறையிலிருந்து வந்தவர்களுக்குக் கைகொடுக்கும் மஞ்சள் நாடா திட்டத்திலோ சிறைத் தொண்டூழியத்திலோ பெயர் கொடுங்கள். சரளமாகத் தமிழ் பேசும் இளைஞர் ஒருவர் எதிரில் உட்கார்ந்தால், அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று பேசத் தொடங்குவதை நான் கண்டிருக்கிறேன். அம்மாவின் கேள்விக்கும் அங்கே ஒரு பதில் கிடைக்கலாம். அவரையும் ஒரு நாள் கூட்டிப் போங்கள்.

கடைசியாக, பல்கலைக்கழகத்துக்கு எழுதிய விண்ணப்பக் கட்டுரையின் நகலையும் வைத்திருந்தீர்கள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். முதல் பத்தியிலேயே அத்தை மகனின் பெயர், வயது, அவர் வேலை பார்த்த கடை எல்லாம் இருக்கிறது. அடுத்த மாதம் அவர் வெளியே வருகிறார் என்கிறீர்கள். வேலை தேட வேண்டும், வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வதே அவருக்குப் பெரும் போராட்டமாகலாம். அந்த நேரத்தில் தன் கதை யாரோ ஒரு சேர்க்கைக் குழுவின் மேசையில் கிடப்பது அவருக்குத் தெரிய வேண்டாமா? அவர் வரட்டும், முதலில் சாப்பிடட்டும். அப்புறம் அந்தப் பத்தியைப் படித்துக் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிட்டு, தயிர்சாத டப்பாவிலிருந்து தொடங்குங்கள். அதற்கும் அத்தையைக் கேட்டுவிட்டு.